எதிரியின் மையில் ஒரு ராஜ்ஜியம்

பீட் என்ற துறவி 731இல் ஜாரோ மடத்தில் உட்கார்ந்து ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தார். யார் யாரிடமிருந்து எதைக் கேட்டறிந்தேன் என்று முன்னுரையில் அவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கென்ட் பற்றிச் சொன்னவர் கேன்டர்பரி மடாதிபதி அல்பினஸ். வெசெக்ஸ் பற்றிச் சொன்னவர் அந்நாட்டு ஆயர் டேனியல். கிழக்கு ஆங்கிலியாவுக்கு ஈசி என்ற மடாதிபதி. மெர்சியா எப்படிக் கிறிஸ்துவத்துக்கு வந்தது என்று சொன்னவர்கள் லாஸ்டிங்ஹாம் மடத்துத் துறவிகள். லாஸ்டிங்ஹாம் இருப்பது யார்க்ஷயர் மேட்டுநிலத்தில். அதாவது, மெர்சியாவின் தலைமுறைப் பகையாளியான நார்த்தம்பிரியாவுக்குள். பீடும் நார்த்தம்பிரியர்தான்.

ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே உள்ள எல்லா நாடுகளும் மெர்சிய அரசன் எதல்பால்டுக்குக் கட்டுப்பட்டவை என்று அதே நூலின் கடைசிப் பகுதியில் அவரே எழுதுகிறார். தீவின் ஆகப்பெரிய அரசைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு, அந்த அரசின் நடுநிலத்திலிருந்து சாட்சி சொல்ல ஒரு பெயரும் இல்லை.

மெர்சியாவின் மையம் ட்ரெண்ட் ஆற்றுச் சமவெளி. டாம்வொர்த், லிச்ஃபீல்ட், ரெப்டன் ஆகிய மூன்று சிற்றூர்களையும் கோடிழுத்துச் சேர்த்தால் அதன் இதயம் வந்துவிடும். இன்றைய பர்மிங்ஹாம் நகரத்திலிருந்து சிறிது நேரப் பயணத் தொலைவுதான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நின்ற இந்த அரசுக்கு ஒரு பீட் வாய்க்கவில்லை. ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைக் குறித்துவைக்கும் பெரும் ஏடு பிறந்தது வெசெக்ஸில், அரசன் ஆல்ஃபிரட் காலத்தில், மெர்சியா சரிந்தபிறகு. மெர்சியா விட்டுச்சென்றவற்றில் பெரும்பகுதி நிலக்கொடைச் சாசனங்கள், அவற்றிலும் கணிசமானவை வூஸ்டர் தேவாலயம் தன் நிலவுரிமையைக் காப்பாற்றிக்கொள்ளப் படியெடுத்து வைத்தவை. மெய்க்கீர்த்தியை வைத்து அரசர்களை அளந்து பழகிய நமக்கு இது விநோதமாக இருக்கும். ஆண்டான், அடக்கினான், கட்டினான், எல்லாம் உண்டு. சொல்பவன் மட்டும் எப்போதும் எதிர்முகாமில் நிற்கிறான்.

பெண்டாவிலிருந்து தொடங்கலாம். நார்த்தம்பிரிய அரசன் எட்வினை 633இல் வேல்ஸ் அரசன் காட்வாலனோடு சேர்ந்து கொன்றவன். 642இல் எட்வினுக்குப் பின்வந்த ஆஸ்வால்டைக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பங்களில் ஏற்றியவன். கிழக்கு ஆங்கிலியாவின் அரசர்கள் மூவர் அவனோடு பொருது மாண்டார்கள். கடைசிவரை ஞானஸ்நானம் பெறாதவன். பீடுக்கு இவனை வெறுக்க எத்தனையோ காரணங்கள். ஆனால் நூலின் நடுவே, பெண்டா தன் நாட்டில் கிறிஸ்துவப் பிரசங்கத்தைத் தடுக்கவில்லை, கேட்க விரும்பியவர்கள் கேட்டார்கள் என்று எழுதுகிறார். மேலும், கிறிஸ்துவத்தை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப நடக்காதவர்களைத்தான் பெண்டா இகழ்ந்தான் என்கிறார். தாங்கள் நம்பும் கடவுளுக்கே கீழ்ப்படியாதவர்கள் கேவலமானவர்கள் என்பது அவன் எண்ணம். பீடின் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவர் இதை எழுதாமல் விட்டிருந்தால் பெண்டா ஒரு கொலைகாரனாக மட்டும் மிஞ்சியிருப்பான், யாரும் கேள்வி கேட்டிருக்கவும் முடியாது. எதிரி நேர்மையானவனாக அமைவது ஓர் அதிர்ஷ்டம். மெர்சியாவுக்கு அது ஒருமுறைதான் வாய்த்தது.

655 நவம்பரில் வின்வெட் என்ற ஆற்றங்கரையில், ஆஸ்வால்டின் தம்பி ஆஸ்வியு பெண்டாவைக் கொன்றான். வெள்ளத்தில் மூழ்கியவர்கள் வாளால் வீழ்ந்தவர்களைவிட அதிகம் என்கிறார் பீட். சண்டைக்கு முன் ஆஸ்வியு பெரும் செல்வத்தைக் கப்பமாகத் தர முன்வந்தான், பெண்டா வாங்க மறுத்தான் என்பது அவர் தரும் கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸில் தொகுக்கப்பட்ட பிரித்தானியர் வரலாறோ, பெண்டா அதை வாங்கித் தன்னோடு வந்த வேல்ஸ் அரசர்களுக்குப் பங்கிட்டான் என்கிறது. ஒரே புதையல். ஒருவர் கையில் பெண்டா வெறியன், மற்றவர் கையில் தாராளன்.

2009 ஜூலையில் லிச்ஃபீல்டுக்கு அருகே ஹாமர்விச்சில், பழைய ரோமானியச் சாலையை ஒட்டிய ஒரு வயலில், உலோகங்காட்டும் கருவியோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் ஏழாம் நூற்றாண்டுப் பொன்னைக் கண்டெடுத்தார். சுமார் 4,600 துண்டுகள், ஏறத்தாழ 4 கிலோ தங்கம். ஏறக்குறைய எல்லாமே ஆண்களின் போர்க்கோலம்: வாள் கைப்பிடிகளிலிருந்து பிடுங்கிய குமிழ்கள், பட்டைகள், ஒரு தலைக்கவசத்தின் சிதறல்கள். பெண்கள் அணியும் ஒரு நகைகூட இல்லை. மடக்கி நசுக்கிய பொற்சிலுவை ஒன்று, கடவுளின் எதிரிகள் சிதறட்டும் என்ற பொருளில் பைபிள் வாசகம் பொறித்த பட்டை ஒன்று, அதையும் மடித்திருந்தார்கள். பதித்த சிவப்புக் கற்களில் சிறியவை பொஹீமியாவிலிருந்தும் பெரியவை இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் வந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது பெண்டாவின் கொள்ளையா, ஆஸ்வியுவின் கப்பமா என்ற ஊகங்கள் உடனே கிளம்பின. காலம் ஒத்துப்போகிறது, நிரூபிக்க வழியில்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சி எழுத்தைவிட நம்பகமானது என்று நினைக்கத் தோன்றும். இந்தப் பொன்னோ யார் கொண்டுவந்தார்கள், யாரிடமிருந்து பறித்தார்கள், ஏன் எடுக்கத் திரும்பி வரவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் வாய் திறக்கவில்லை.

பெண்டா வெட்டிய ஆஸ்வால்டின் எலும்புகளுக்குத் தனி வரலாறு உண்டு. தலை லிண்டிஸ்ஃபார்னுக்கும் கைகள் பாம்பரோவுக்கும் போயின. மிச்ச எலும்புகளை, ஆஸ்வியுவின் மகளும் பெண்டாவின் மகன் எதல்ரெட்டின் மனைவியுமான ஆஸ்த்ரித், லிண்ட்ஸியில் உள்ள பார்ட்னி மடத்துக்கு வண்டியில் அனுப்பிவைத்தாள். மாலையில் வண்டி வந்து நின்றது. அவன் புனிதன் என்று துறவிகளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வெளிநாட்டான், தங்களை அடக்கி ஆண்டவன், உள்ளே விடமாட்டோம் என்று கதவை அடைத்துவிட்டார்கள். இரவு முழுவதும் எலும்புகள் வெளியே கிடந்தன. வண்டியின் மேல் வானம்வரை ஒளித்தூண் நின்றது, விடிந்ததும் துறவிகள் வெட்கப்பட்டு உள்ளே அழைத்தார்கள் என்று முடிக்கிறார் பீட். ஒளித்தூணை விட்டுவிடுவோம். செத்து ஒரு தலைமுறை கடந்த அரசனின் எலும்புக்குக்கூடக் கதவு அடைத்த அந்தக் கோபம் எனக்கு நிஜமாகத் தெரிகிறது. மாமியார் வீட்டுப் பகையைத் தாய்வீட்டு எலும்பால் ஆற்றப் பார்த்த ஆஸ்த்ரித்தை 697இல் மெர்சியப் பிரபுக்களே கொன்றார்கள். ஏன் என்று பீட் சொல்லவில்லை. கணவன் எதல்ரெட் 704இல் முடியைத் துறந்து, அதே பார்ட்னியில் துறவியானான்.

அடுத்த நூற்றாண்டு மெர்சியாவின் உச்சம். 716 முதல் எதல்பால்ட், 757 முதல் 796 வரை ஓஃபா, இரண்டு பேருமாக எண்பது ஆண்டுகளை விழுங்கினார்கள். எதல்பால்டின் 736ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அவனைத் தென்னாங்கிலேயர் அனைவருக்கும் அரசன் என்கிறது. மெர்சியா தன் வாயால் தன்னைப் பற்றிப் பேசுவது இப்படி, ஆற்றோர நிலம் ஒன்றைத் தானம் செய்யும்போது மட்டும்தான். அந்த எதல்பால்டை அவனுடைய மெய்க்காவலர்களே 757இல் கொன்றார்கள்.

ஓஃபாவின் பெயர் நிலைத்திருப்பது ஒரு மண்கரையால். மெர்சியாவுக்கும் வேல்ஸுக்கும் நடுவே, மேற்குப் பக்கம் அகழியும் கிழக்கே கரையுமாக இன்றும் சுமார் 130 கிலோமீட்டர் அளவுக்கு அது கிடக்கிறது. இதை ஓஃபா கட்டினான் என்று முதலில் எழுதியவர் அஸர். வேல்ஸ் பாதிரியார், வெசெக்ஸ் அரசன் ஆல்ஃபிரடின் அரண்மனையில் வேலை பார்த்தவர், எழுதிய ஆண்டு 893. ஓஃபா செத்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கரைக்கு அந்தப்பக்கம் பிறந்து, எதிரியின் சம்பளத்தில் இருந்த ஒருவர் போகிறபோக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நாம் அதை ஓஃபாவின் கரை என்கிறோம். சர்க் அருகே ஒரு பகுதியில் எடுத்த மண்ணின் கரிமக் கணிப்பு 2014இல் வெளியானபோது, அந்த இடத்தில் வேலை ஓஃபாவுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று தெரிந்தது. ஆனாலும் இத்தனை நீளத்துக்கு ஆட்களைத் திரட்டி மண்ணை அள்ளவைக்க ஓஃபாவைத் தவிர வேறு யாருக்குக் கை நீண்டிருக்கும்?

அந்த வாக்கியம் அஸர் நூலில் எதற்கு வருகிறது என்று பார்த்தால் இன்னும் சுவை. வெசெக்ஸில் அரசன் மனைவியை ராணி என்று அழைக்கும் வழக்கமில்லை, அதற்குக் காரணம் ஓஃபாவின் மகள் எட்பர் என்று சொல்ல வந்தவர் அவர். வெசெக்ஸ் அரசன் பெயோர்த்ரிக்குக்கு வாழ்க்கைப்பட்ட அவள், வேறொருவனுக்கு வைத்த விஷத்தில் கணவனையும் சேர்த்துக் கொன்றாளாம். பொன்னோடு பிராங்கிய அரசன் சார்லமேனிடம் ஓடினாளாம். நானா, என் மகனா, யார் வேண்டும் என்று அவன் கேட்டபோது, மகன்தான் இளையவன் என்று சொல்லி இருவரையும் இழந்தாளாம். மடத்தலைவியாகி, அங்கும் ஒரு ஆணோடு பிடிபட்டு, கடைசியில் பாவியா நகரத்தில் பிச்சையெடுத்துச் செத்தாளாம். இதையெல்லாம் ஆல்ஃபிரடே தன்னிடம் சொன்னான் என்கிறார். தெருமுனைக் கதையின் எல்லா லட்சணங்களும் இதற்கு உண்டு. கெட்டவள் வெளியூர்க்காரி, தண்டனை படிப்படியாக இறங்குகிறது, இறுதியில் நம் வழக்கம் ஏன் சரி என்று தெரிகிறது. பெயோர்த்ரிக் ஓஃபாவின் ஆதரவில் இருந்தவன், அவன் ஆட்சியில் நாடு கடத்தப்பட்டவன் ஆல்ஃபிரடின் தாத்தா எக்பர்ட். இதைச் சேர்த்துப் படித்தால் விஷம் எங்கே இருக்கிறது என்று விளங்கும்.

ஓஃபாவின் நாணயங்கள் வேறு முகம் காட்டுகின்றன. அகன்று மெலிந்த வெள்ளிப் பென்னி அவன் காலத்தில்தான் நிலைபெற்றது, ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்ற கணக்கு 1971 வரை பிரிட்டனில் புழங்கியது. மனைவி சினத்ரித்தின் பெயரிலும் அவன் காசு அடித்தான். ஆங்கிலோ-சாக்சன் ராணி ஒருத்தி பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் காசு அது ஒன்றுதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு தங்கக் காசு உண்டு. பாக்தாதின் அப்பாசியக் கலீபா அல்-மன்சூர் ஹிஜ்ரி 157இல் அடித்த தினாரின் நகல். அரபு எழுத்து தெரியாத கை இறைவன் ஒருவனே என்ற வாசகம் உட்பட அத்தனையையும் பார்த்து வரைந்து, நடுவே லத்தீனில் ஓஃபா அரசன் என்று பொறித்திருக்கிறது. அரபை நேராகப் பிடித்தால் ஓஃபா தலைகீழ். தங்கம் என்றால் அரபுக்காசு என்று உலகம் நம்பிய காலத்தில், சந்தையில் செல்ல வேண்டும் என்பதே முதல் கவலை.

சார்லமேன் 796இல் ஓஃபாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சகோதரன் என்று விளிக்கிறான். யாத்ரீகர் வேடத்தில் சுங்கம் ஏய்க்கும் வணிகர்களைப் பற்றியும், ஓஃபாவின் நாட்டிலிருந்து வரும் மேலாடைகள் பழைய நீளத்தில் வர வேண்டும் என்றும் பேசுகிறான். அதே ஆண்டு ஜூலையில் ஓஃபா இறந்தான். உயிரோடிருக்கும்போதே திருநிலைப்படுத்தி வாரிசாக்கிய மகன் எக்ஃபிரித் சில மாதங்களில் செத்தான். சார்லமேன் அரசவையில் இருந்த நார்த்தம்பிரிய அறிஞர் ஆல்குவின், மகனுக்கு நாட்டை உறுதிப்படுத்த அப்பன் எவ்வளவு ரத்தம் சிந்தினான் என்று உங்களுக்கே தெரியுமே என்று ஒரு மெர்சியப் பிரபுவுக்கு எழுதினார். ஓஃபா உயிரோடிருந்தபோது அவனைப் பிரிட்டனின் பெருமை என்று புகழ்ந்தவரும் இதே ஆல்குவின்தான். ஓஃபாவின் சட்டங்களிலிருந்தும் எடுத்துத் தொகுத்தேன் என்று ஆல்ஃபிரட் தன் சட்டத்தொகுப்பில் சொல்கிறான். ஈனே, எதல்பர்ட் என்று உடன் குறிப்பிட்ட மற்ற இருவரின் சட்டங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஓஃபாவினுடையது கிடைக்கவில்லை.

பிறகு சரிவு. 825இல் எல்லென்டூனில் வெசெக்ஸிடம் தோல்வி. 873-74 குளிர்காலத்தில் வைக்கிங்குகளின் பெரும்படை மெர்சிய அரசர்களைப் புதைத்த ரெப்டனிலேயே முகாமிட்டது. அரசன் பர்க்ரெட் ரோமுக்கு ஓடி அங்கேயே செத்தான். அடுத்து வந்த இரண்டாம் சியோல்வுல்ஃபை வெசெக்ஸின் ஆண்டேடு புத்தியில்லாத அரசவைச் சேவகன் என்கிறது, வைக்கிங்குகளின் கைப்பாவை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் பாடநூல்கள் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன. 2015இல் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் வாட்லிங்டன் அருகே ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. ஏறக்குறைய 200 நாணயங்கள். சிலவற்றில் ஆல்ஃபிரடின் பெயர், சிலவற்றில் சியோல்வுல்ஃபின் பெயர். இருவர் காசிலும் ஒரே வடிவம்: பழைய ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தது, இரண்டு பேரரசர்கள் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். கூட்டாளிகள் ஒன்றுபோல் அடித்த காசு. அந்தப் புத்தியில்லாதவனோடுதான் ஆல்ஃபிரட் நாணயத்தைப் பொதுவில் வைத்திருந்தான், பின்னால் அவன் வேண்டாதவன் ஆனான்.

அதே 2015இல் ஹெரஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இன்னொரு புதையலைத் தோண்டியவர்கள் அரசுக்குத் தெரிவிக்காமல் விற்கப் பார்த்து 2019இல் சிறைக்குப் போனார்கள். அதிலும் இதே இரட்டைப் பேரரசர் காசுகள் இருந்தன. முந்நூறு காசுகள்வரை இருந்திருக்கலாம் என்றார்கள், கைக்கு வந்தவை சிறு பகுதிதான். சியோல்வுல்ஃபின் சார்பில் பேசக்கூடிய சாட்சிகள் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறார்கள்.

இனி எதல்ஃப்ளாட். ஆல்ஃபிரடின் மூத்த மகள், தாய்வழியில் மெர்சிய ரத்தம், மெர்சியாவின் பிரபு எதல்ரெட்டின் மனைவி. 911இல் அவன் இறந்ததும் மெர்சியர்களின் தலைவி என்ற பட்டத்தோடு தானே ஆண்டாள். ராணி என்றே அழைக்கக் கூடாது என்று எட்பர் கதை சொல்லிய வீட்டில் பிறந்த பெண் இவள். 913இல் டாம்வொர்த், ஸ்டாஃபர்ட், அடுத்த ஆண்டு வாரிக், 915இல் ரன்கார்ன் என்று கோட்டை நகரங்களாகக் கட்டிக்கொண்டே போனாள். 917இல் டார்பியை வைக்கிங்குகளிடமிருந்து பிடித்தாள், வாயிலுக்குள் நடந்த சண்டையில் அவளுக்கு மிகவும் வேண்டிய நான்கு பேர் விழுந்தார்கள். அடுத்த ஆண்டு லெஸ்டர் சண்டையில்லாமல் பணிந்தது. யார்க் மக்கள் பணிவதாக வாக்குக் கொடுத்திருந்த நேரத்தில், 918 ஜூன் 12 அன்று டாம்வொர்த்தில் இறந்தாள்.

இவை தெரிவதற்குக் காரணம் மெர்சியப் பதிவேடு என்று இன்று அழைக்கப்படும் சில பக்கங்கள். 902 முதல் 924 வரை மட்டும் குறித்த மெர்சியக் குறிப்புகளை யாரோ ஆண்டேட்டின் சில பிரதிகளில் அப்படியே சேர்த்துவிட்டார்கள். வெசெக்ஸின் வின்செஸ்டர் பிரதியில் இந்தக் கோட்டைகளும் இல்லை, டார்பியும் இல்லை. அண்ணன் ஒருவன் ஸ்டாம்ஃபர்டில் இருக்கும்போது தங்கை டாம்வொர்த்தில் இறந்தாள், உடனே மெர்சியா முழுவதும் அவனிடம் வந்தது, அவ்வளவுதான். (அந்த அண்ணன், வெசெக்ஸ் அரசன் எட்வர்ட், உண்மையில் அவளுக்கு இளையவன் என்பதைத் தமிழில் சொன்னால் தம்பி என்றுதான் வர வேண்டும். ஆனால் வின்செஸ்டர் எழுதியிருக்கும் தோரணை அண்ணனுடையது.) எதல்ஃப்ளாட்டின் மகள் எல்ஃப்வின் சில மாதங்கள் ஆண்டாள். குளிர்கால நடுநாளுக்கு மூன்று வாரம் முன்பு அவளிடமிருந்த அதிகாரத்தையெல்லாம் பறித்து அவளை வெசெக்ஸுக்குக் கொண்டுபோனார்கள் என்று பதிவேடு எழுதுகிறது. கோபத்தை ஒரு சொல்லிலும் காட்டாத வாக்கியம், ஆனாலும் எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. தாயிடமிருந்து மகளுக்கு ஆட்சி போன நிகழ்ச்சி ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் வேறு இல்லை.

எதல்ஃப்ளாட்டை அடக்கம் செய்தது க்ளாஸ்டரில், அவள் எழுப்பிய தேவாலயத்தில். பார்ட்னியில் கிடந்த ஆஸ்வால்டின் எலும்புகளை 909இல் வைக்கிங் பகுதிக்குள்ளிருந்து மீட்டு அங்கேதான் வைத்திருந்தார்கள். பெண்டா கொன்றவனைப் பெண்டாவின் நாடு தன் காவல் புனிதனாக்கிக்கொண்டது.

ஆல்ஃபிரடின் எழுத்துப் பெருமையிலும் மெர்சியாவுக்குப் பங்கு உண்டு. படிப்பு அழிந்துபோயிற்று என்று வருந்தி அவன் வரவழைத்த அறிஞர்களில் வூஸ்டர் ஆயர் வேர்ஃபெர்த், கேன்டர்பரியின் பிளெக்மண்ட் உட்பட நால்வர் மெர்சியர்கள் என்று அஸரே பெயர் சொல்கிறார். ஆனாலும் இன்று பழைய ஆங்கிலம் படிக்கப்போகிறவர் முதலில் கற்பது வெசெக்ஸ் வழக்கைத்தான், ஏனென்றால் மிஞ்சிய பிரதிகள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. இன்றைய பொது ஆங்கிலமோ லண்டனில் உருவானபோது வெசெக்ஸிலிருந்து எடுத்ததைவிட மத்திய இங்கிலாந்தின், குறிப்பாக அதன் கிழக்குப் பகுதியின், வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம். மெர்சியாவின் பெயரை இப்போது மேற்கு மெர்சியக் காவல்துறையும் ஒரு ராணுவப் படைப்பிரிவும் சுமக்கின்றன. அவற்றில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை.

நாவலாசிரியர் டோல்கீன் விஷயம் வேறு. பர்மிங்ஹாம் பக்கம் வளர்ந்து, ஆக்ஸ்ஃபர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக இருந்தவர், தன்னை மெர்சியன் என்று சொல்லிக்கொண்டவர். தனித்துறவு பூண்ட பெண்களுக்காகப் பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல் ஒன்றைப் பற்றி 1929இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நார்மன் படையெடுப்புக்குப் பின் எங்கும் ஆங்கில எழுத்து சிதறிக் கிடந்தபோது, மேற்கு மத்திய இங்கிலாந்தில் மட்டும் இலக்கணம் பிசகாத, ஒரே சீரான எழுத்துவழக்கு தொடர்ந்து இருந்தது என்பதை எழுத்தெழுத்தாகக் காட்டினார். பின்னாளில் தன் நாவலில் ரோஹன் என்ற குதிரைவீரர் நாட்டைப் படைத்தபோது அதற்கு மெர்சிய வழக்கின் வடிவில் பெயர்களைக் கொடுத்தார். அந்த மக்கள் பாட்டுப் பாடுவார்கள், புத்தகம் எழுதமாட்டார்கள்.